கத்தாத பிழை

ஒழுங்காக வந்துவிட்ட எதையும் அவர் முதல் பார்வையில் நம்பியதில்லை. அவரிடம் நான் கண்ட முதல் குணம் அது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் சில வரிகளிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

அப்போது நான் என் அக்கா வீட்டில் தங்கி இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றின் சில வகுப்பறைகளும் அதன் சாப்பாட்டுக் கூடமுமே எங்கள் பள்ளி. அவர் அங்கே பாடம் நடத்தவில்லை. பெயர் அட்டை, பெற்றோருக்கான அறிவிப்பு, ஆண்டு விழாச் சான்றிதழ் என்று அச்சாகி வருபவை அனைத்தும் அவருடைய மடிக்கணினியிலிருந்து வந்தன. வார நாட்களில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு ஏறத்தாழ இதே வேலைதான்: வாடிக்கையாளர்களின் பெயர்களையும் அவர்களுக்குரிய எண்களையும் பைத்தான் என்ற கணினி மொழி நிரலில் கோத்துக் கடித வரிகளாக ஆக்குவது.

“ஒரு பக்கம் பேரு, இன்னொரு பக்கம் நம்பர். நடுவுல நான் ஒரு வாக்கியத்த வெக்கிறேன். அவ்ளோதாங்க என் ப்ரொஃபஷன்” என்றார் ஒருமுறை. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை ‘நீங்க’ என்றுதான் அழைப்பார்.

அவருக்குப் பக்கத்தில் நான் முதலில் உட்கார்ந்தது ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை. ஒவ்வொரு குழந்தையும் எத்தனை வாரம் வகுப்புக்கு வந்தது என்று பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்பவேண்டியிருந்தது. நிரலை ஓட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதேதோ கொட்டியது.

“ஐயோ, தப்பாயிடுச்சாக்கா?”

“நல்லதுங்க” என்றார். முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி. “பேரு எழுத்து. வாரம் நம்பர். ரெண்டையும் அப்படியே ஒட்டச் சொன்னா பைத்தான் ஒட்டாது. நம்பரை மொதல்ல எழுத்தா மாத்திக் குடுன்னு கத்துது. கத்துனா ஒண்ணும் பயமில்ல. பொறந்த கொழந்த கத்துனாத்தான் டாக்டரே சிரிப்பாரு.”

ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். இப்போது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடைவெளியில், பெயரும் எண்ணும் அவற்றுக்குரிய இடத்தில் அமர்ந்து வந்தன. நான் பாராட்டுவதற்குள் அவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

“இப்பத்தான் பயப்படணும். படிங்க.”

நான் உரக்கப் படித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வழியில் கையை உயர்த்தினார்.

“யாரு? எல்லா வாரமும் வந்திருக்கானா? அவன் தீபாவளிக்கே டெக்ஸாஸ் போயிட்டானே!”

ஆம், போய்விட்டான். வருகையைக் குறித்தவர் யாரோ அவனுடைய கட்டத்திலும் பழக்கத்தில் எண்ணைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். “இதுக்குக் கத்துச்சா பாத்தீங்களா?” என்றார் அவர். கோபமில்லை, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தக் குணம் கணினியோடு நின்றிருந்தால் அவரைத் திறமைசாலி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அது எங்கும் வரும். ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர் ஊரில் தனியாக இருக்கும் தம் அப்பாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது: “நல்லாருக்கேன் சாமி. நீங்க நல்லாருக்கீங்களா? கொழந்த நல்லாருக்குதா? செரி சாமி, வெச்சறட்டா?”

இவர் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து அலைபேசியை வாங்கினார்.

“மாமா, இன்னைக்கி என்ன கொழம்பு?”

“கொழம்பா? கொழம்பு... இன்னைக்கி வெக்கல சாமி.”

“நேத்து?”

துருவித் துருவிக் கேட்டதில் மாமனார் உண்மையைச் சொன்னார். காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, வண்டி வைத்து மருத்துவமனைக்கு அனுப்பும்வரை இவர் அலைபேசியைக் கீழே வைக்கவில்லை. கணவர் பிறகு என்னிடம் சொன்னார்: “டெய்லி அதே மாதிரிதாங்க பேசுவாரு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.” அடுப்படியிலிருந்து பதில் வந்தது: “அதாங்க. டெய்லி அதே மாதிரி ஒரு மனுசன் எப்படிங்க பேசுவாரு?”

எப்போதும் அவர் சரியாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் வீடு வாங்கிப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தார். எல்லோரும் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, இவர் தரைக்குக் கீழிருந்த பேஸ்மென்ட்டில் நின்று சுவரைத் தடவி, “பெயின்ட் ரொம்பப் புதுசா இருக்குதே. தண்ணி கிண்ணி வந்து மறைச்சிருப்பாங்களோ?” என்றார். வீட்டுக்காரப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அந்த வசந்தத்தில் நல்ல மழை பெய்தது. பேஸ்மென்ட்டில் ஒரு சொட்டு வரவில்லை. அதன்பின் சிலர் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைப்பதற்குத் தயங்கினார்கள். “நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வராது” என்று என் அக்காவே சொல்லியிருக்கிறாள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். அவர் மாறவில்லை. ஏன் இப்படி என்று நான் கேட்டபோது, “வேலை அப்படி” என்றதோடு சரி.

என் படிப்பைப் பற்றி அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கதையெல்லாம் படிச்சு எழுதறீங்களே, நீங்க எழுதறது தப்பா இருந்தா எரர் வருமா?” நான் விளக்கமாக, கவனமாக ஒரு பதில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப வராதுங்கறீங்க. உங்க பொழப்பு எங்களுதவிடக் கஷ்டம்ங்க” என்று உண்மையான இரக்கத்தோடு சொன்னார்.

என் வகுப்பில் நிலா என்றொரு ஏழு வயதுக் குழந்தை இருந்தாள். முந்திரி உட்பட எந்தக் கொட்டையும் அவளுக்கு ஆகாது. சிறு துண்டு வாயில் பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அதனால் அவளுடைய அம்மா வகுப்பு முடியும்வரை நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவசர ஊசி இருந்த பை மடியிலேயே இருக்கும். பள்ளியில் தண்ணீரைத் தவிர எதையும் நிலா வாயில் வைக்க அவர் விட்டதில்லை. என் படிப்பின் கடைசி ஆண்டுப் பொங்கல் விழாவில் மட்டும், எல்லோரையும்போலத் தனக்கும் பேர் போட்ட பொங்கல் டப்பா வேண்டும் என்று குழந்தை பல நாள் அழுதிருக்கிறாள்.

இவர் அவர்கள் வீட்டுக்கே போய் வாக்குக் கொடுத்தார். “தனிப் பானை, தனிக் கரண்டி, மேல பேரு, பக்கத்துல நம்பர். நான் பாத்துக்கறேனுங்க.” நிலாவின் அம்மா வெகுநேரம் யோசித்துச் சம்மதித்தார்.

எண்கள் எளிமையானவை. ஒன்று என்றால் எதையும் சாப்பிடலாம். இரண்டு என்றால் கொட்டை வகை கூடாது. மூன்று என்றால் பால் கூடாது. சமையல் பொறுப்பு, பள்ளியில் எல்லோரும் ‘அங்கிள்’ என்று அழைக்கும் ஒரு தந்தையுடையது. வீட்டு கராஜில் அடுப்பு வைத்து ஊருக்கே சமைக்கும் உற்சாகி. பெற்றோரிடம் கேட்டு எண்களைச் சேகரித்தவரும் அவர்தான். “பேரெல்லாம் உங்ககிட்டயே இருக்கும்மா. நம்பரை மட்டும் வரிசையா அனுப்பிடறேன்” என்று அனுப்பியிருந்தார். பெயர் வரிசை பள்ளிப் பதிவிலிருந்து வந்தது. பையின் ஜிப் இரு பக்கப் பற்களையும் கோத்துக்கொண்டு போவதுபோல, பைத்தான் இரண்டு வரிசைகளையும் தலையோடு தலை சேர்த்து முடித்துவிடும். இரண்டும் ஒரே நீளமா என்று இவர் பார்த்தார். ஒரே நீளம். ஓட்டினார். கத்தவில்லை.

வழக்கமாக அடுத்தது உரக்கப் படிப்பதுதான். அன்று காலை பனி கொட்டியிருந்தது. கூடத்தைத் திறந்துவிடவேண்டியவர் தாமதமாக வந்தார். வாகன நிறுத்தத்தில் பனியை ஒதுக்கும் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பசியில் பெஞ்சுகளைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். “படிக்க வேணாம், ஒட்டுங்க” என்றார் அங்கிள். ஒட்டினோம். ஒட்டும்போதே இவர் இருமுறை ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எழுத்து நேராக, எண் நடுவாக, அழகாகத்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டார்.

டப்பாக்கள் எண்ணுக்கேற்ற பொங்கலோடு மேசைகளுக்குப் போயின. முதல் குரல் அங்கிளின் மகள் மித்ராவுடையது.

“டாடி, வேர் இஸ் மை முந்திரி?”

அங்கிள் அவள் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது நல்லா இருக்கே! ஊருக்கெல்லாம் முந்திரி வறுத்தவன் பொண்ணுக்கு முந்திரி இல்லையாம்! குடுடா, மாத்தித் தரேன்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இவர் டப்பாவின் மேல் கையை வைத்தார்.

“இருங்க அங்கிள். மித்ரா நம்பர் என்ன?”

“ஒண்ணுதாம்மா. இவ கல்லைக் குடுத்தாலும் தின்பா.”

“இதுல ரெண்டுன்னு இருக்குதே.”

“ஏதோ ப்ரிண்ட்டர் மிஸ்டேக். விடும்மா, ஒரு டப்பாதான?”

“ப்ரிண்ட்டருக்கு மிஸ்டேக் பண்ணத் தெரியாதுங்க. இவளுக்கு ரெண்டு வந்திருக்குதுன்னா, ரெண்டு வரவேண்டிய கொழந்தைக்கு வரல.”

சொல்லி முடிக்கும் முன்பே பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். அவர் உரத்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“எல்லாரும் ஸ்பூனக் கீழ வைங்க! ஸ்பூன்ஸ் டவுன்! யாரும் வாயில வெக்கக் கூடாது!”

என் வகுப்பு மேசை கடைசியில் இருந்தது. நான் ஓடினேன். நிலாவின் ஸ்பூன் நிறையச் சர்க்கரைப் பொங்கல். சூடாக இருந்ததால் ஊதிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்று முந்திரியை அங்கிள் சிறு சிறு துண்டுகளாக உடைத்துப் போட்டிருந்தார். பருப்போடு பருப்பாக அது தெரியவே இல்லை. டப்பாவின் மேல் அவள் பெயர். பக்கத்தில் ஒன்று. நான் ஸ்பூனைப் பிடுங்கியதும் அவள் உதடு பிதுங்கியது. “ஐ டிட்ன்ட் டூ எனிதிங், டீச்சர்.”

இவர் மேசை மேசையாக வந்தார். டப்பாவைப் பார்க்கவில்லை; குழந்தையைப் பார்த்தார். “உன் பேரு என்ன? உனக்கு என்ன ஆகாது?” ஒவ்வொருவரிடமும் கேட்டு, எண்ணைக் கையால் அடித்துத் திருத்தி, தனிப் பானையிலிருந்து நிலாவுக்குத் தாமே புது டப்பாவில் எடுத்து வைத்தார். மறுபடி ஸ்பூன்கள் எழுந்தன. கூடம் பழைய இரைச்சலுக்குத் திரும்பியது.

நிலாவின் அம்மா அப்போது நடைவழியில் மற்ற அம்மாக்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவருக்கு, மகள் தன் டப்பாவிலிருந்து சாப்பிடுவது மட்டும்தான் தெரிந்தது. சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணும் ஆகலம்மா. தெய்வம் காப்பாத்துச்சு. அவங்ககிட்டச் சொல்லிக்க வேண்டாம். பொங்கலும் அதுவுமா எதுக்குப் பயமுறுத்திக்கிட்டு?”

“அவங்களுக்கு எரர் வரலைங்க அங்கிள்” என்றார் இவர். “நாமதான் வர வெக்கணும்.”

கோட்டுகள் மாட்டியிருந்த சுவரோரம் நிலாவின் அம்மாவை அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நிலா டப்பால நான் தப்பான நம்பர் ஒட்டிட்டேன். முந்திரி போட்ட பொங்கல் அவ கைக்குப் போயிருச்சு. ஸ்பூன்ல எடுத்துட்டா. வாயில வெக்கல.”

“வெக்கலன்னு யார் பாத்தா?”

“நான் பாத்தேன்” என்றேன்.

நிலாவின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. “வீட்டுக்கு வந்து ப்ராமிஸ் பண்ணீங்க.”

“ஆமாங்க.”

“இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? உங்க மனசு லேசாகணுமா? இன்னிக்கு நான் தூங்குவேனா?”

“அதுக்கில்லீங்க. இனிமே அனுப்பறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணோணும். தெரியாம எப்படிங்க பண்ணுவீங்க?”

நிலாவின் அம்மா உள்ளே போய், பாதிச் சாப்பாட்டிலிருந்த மகளை எழுப்பி, ஜாக்கெட்டை மாட்டி, அழ அழ அழைத்துச் சென்றுவிட்டார்.

பல சனிக்கிழமைகள் நிலா வரவில்லை. அவளுடைய காலி நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் அங்கிள் இவரை ஒருமுறை பார்ப்பார். இவர் வகுப்பு தொடங்கியதும் என் அறை வாசலுக்கு வந்து, “வந்தாளுங்களா?” என்று கேட்பார். “இல்லக்கா” என்றதும் போய்விடுவார். வருந்தினாரா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த முகத்தில் எதையும் படிக்க முடிந்ததில்லை.

பனியெல்லாம் கரைந்த பிறகு ஒரு நாள் நிலா வந்தாள். அம்மா நேராக இவருடைய மேசைக்குப் போனார்.

“எப்படி நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க.”

இவர் சொன்னார். நம் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது. அதைக் கேட்கும் கட்டத்தில் எல்லோரும் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுகிறோம். பள்ளிப் பதிவு அந்தப் பெயரின் அகரவரிசையில் போகிறது. அங்கிளுக்குக் குழந்தை என்றால் குழந்தையின் பெயர்தான். அவர் தம் எண்களைப் பிள்ளைகளின் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தார். இரண்டும் ஒரே நீளம். தலையோடு தலை சேர்த்தபோது, ஒரு குழந்தையின் எண் இன்னொரு குழந்தையிடம் போய்விட்டது.

“நானும் அவங்கப்பா பேரைத்தான் போட்டேன்” என்றார் நிலாவின் அம்மா மெதுவாக.

“எல்லாரும் அதத்தானுங்க போடறோம். தப்பு அங்க இல்ல. நான் பேர வெச்சுப் பேரத் தேடி நம்பரச் சேத்திருக்கோணும். வரிசைய நம்பி ஒட்டிட்டேன். அப்புறம் படிச்சும் பாக்கல.”

நிலாவின் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார். அது குற்றச்சாட்டா வேறு ஏதாவதா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தம் நாற்காலியை இழுத்துப்போட்டு நடைவழியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஜூன் மாதம் ஆண்டிறுதி விருந்தை ஒரு பூங்காவில் வைத்தார்கள். படிப்பு முடிந்து நான் ஊர் மாறுவதற்கு முன் அவர்களைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். டப்பாக்களில் மீண்டும் பெயரும் எண்ணும். நிலாவுக்கும் ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா சரி என்றிருந்தார். குழந்தை அதைத் திறக்காமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு புல்வெளியைக் கடந்து இவரிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, இஸ் திஸ் ரியலி மைன்?”

இவர் டப்பாவை வாங்கவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“உன் பேரு என்ன?”

“யூ நோ மை நேம்!”

“தெரியும். நீ சொல்லு.”

அவள் சொன்னாள். என்ன ஆகாது என்று கேட்டதற்கும் சொன்னாள். அதன்பின் இவர் டப்பாவை வாங்கி, மேலே இருந்ததைப் படித்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். “சாப்பிடு.”

நிலாவின் அம்மா சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் அவசர ஊசிப் பையோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முதல் வாயை எடுத்து வைத்தாள். அவர் அருகே வரவில்லை. சிறிது நேரம் கழித்துப் பையைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, தமக்கென்று இருந்த தட்டை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.